கூகுளில் ‘முதல் இடம்’ என்றால் என்ன? கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

பவானியில் என் அத்தை மகன் ஜமக்காள வியாபாரம் செய்கிறார். இரண்டு வருடம் முன்பு கடைக்கு ஒரு இணையதளமும் தொடங்கினார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது கைப்பேசியை என்னிடம் நீட்டி, “பாருங்க மாப்ள, கூகுள்ல நாமதான் மொதல்ல வர்றோம்” என்றார். மாதம் 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒருவர் அதைச் செய்து தருகிறாராம். பார்த்தேன். உண்மைதான், முதலில் வந்தது. ஆனால் தேடல் பெட்டியில் அவர் தட்டியிருந்தது தன் கடைப் பெயரை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி ‘முருகன் டீக்கடை எங்கே?’ என்று கேட்டால் முருகன் டீக்கடையைத்தான் கை காட்டுவார்கள். அதற்காக முருகன் யாருக்கும் மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. கடைப் பெயர் தெரிந்தவர் ஏற்கெனவே நம் ஆள். பெயர் தெரியாமல், ‘கல்யாண மண்டபத்துக்குப் பெரிய ஜமக்காளம் எங்கே கிடைக்கும்’ என்று கேட்கிறாரே, அவர்தான் புது ஆள். அந்தக் கேள்வியை நான் தட்டிப் பார்த்தேன். ஐந்து பக்கம் தள்ளியும் அத்தை மகனின் தளம் கண்ணில் படவில்லை.

இணைய வியாபாரத்தில் இருப்பவர்கள் ‘எஸ்இஓ’ என்று ஒரு சொல்லைப் போகிற போக்கில் சொல்வார்கள். கூகுள் போன்ற தேடுபொறியில் நம் பக்கம் எளிதாக அகப்படும்படி அதை அமைப்பதற்குப் பெயர் எஸ்இஓ, அவ்வளவுதான். இதைப் பற்றிய பேச்சில் பாதி மந்திரம் மாதிரி இருக்கும், மீதி மிரட்டல் மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்துகொண்டால் இரண்டுமே அடங்கிவிடும்.

ஒரு பக்கத்தில் இரண்டு வரிசை

கூகுளில் எதையாவது தேடினால் ஒரே பட்டியல் வருவதுபோலத் தோன்றும். உண்மையில் அதில் இரண்டு வரிசைகள் கலந்திருக்கின்றன. ‘ஸ்பான்சர்டு’ என்று மேலே சின்னதாக எழுதியிருப்பவை காசு கொடுத்து வாங்கிய விளம்பரங்கள். அந்தக் குறிப்பு இல்லாதவை, தேடுபொறி தானாகத் தேர்ந்தெடுத்தவை.

செய்தித்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். கால் பக்க விளம்பரத்துக்கு விலை உண்டு. தலைப்புச் செய்திக்கு விலை கிடையாது, குறைந்தபட்சம் இருக்கக் கூடாது. கூகுளும் இந்த இரண்டாவது வரிசையில் பக்கங்களைச் சேர்க்கவோ மேலே ஏற்றவோ காசு வாங்குவதில்லை. ‘முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது’ என்று தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்கு லட்சக்கணக்கில் கொடுத்தாலும் அதனால் மற்ற வரிசையில் ஒரு படிகூட ஏற முடியாது. இதைத் தெரிந்துகொண்டாலே, ‘கூகுளில் எங்களுக்கு ஆள் இருக்கிறது’ என்று போனில் பேசுகிறவர்களைப் பாதியிலேயே நிறுத்திவிடலாம்.

விளம்பர வரிசைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் காசு வாங்காத வரிசை.

வீடு வீடாகப் போகும் சிலந்தி

நாம் ‘ஜமக்காளம்’ என்று தட்டிய பிறகுதான் கூகுள் உலகம் முழுக்கத் தேடப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் போனால் பதில் வர மாதக்கணக்காகும். தேடுகிற வேலை முன்பே முடிந்துவிடுகிறது.

ஊருக்கு மக்கள் தொகைக் கணக்கெடுக்க வருபவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டில் விவரம் எழுதிக்கொண்டு, ‘பின்னால் வேறு வீடு இருக்கிறதா?’ என்று கேட்டு அங்கே போவார். அதே வேலையை இணையத்தில் ஒரு மென்பொருள் செய்கிறது. அதற்குச் சிலந்தி என்று பெயர். கூகுளின் சிலந்திக்கு கூகுள்பாட் என்று பெயர். ஒரு பக்கத்துக்குப் போகும், அங்கே உள்ளதைப் படித்துப் பிரதி எடுக்கும், அதில் இருக்கும் இணைப்புகளைப் பிடித்து அடுத்த பக்கங்களுக்குப் போகும். இணைப்பு என்பது, தொட்டால் வேறு பக்கத்துக்குக் கொண்டு போகும் சொல் அல்லது படம்.

யாரும் இணைப்புக் கொடுக்காத பக்கம், பாதை இல்லாத வீடு மாதிரி. சிலந்திக்கு அது இருப்பதே தெரியாமல் போகலாம். வேறு ஒரு வகையும் உண்டு, வாசலிலேயே ‘உள்ளே வராதே’ என்று பலகை மாட்டியிருக்கும் வீடு. வேர்டுபிரெஸ் என்ற மென்பொருளில் தளம் கட்டுபவர்கள் வேலை முடியும் வரை தேடுபொறிகளைத் தள்ளி வைக்க ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போடுவார்கள். செட்டிங்ஸில் ‘ரீடிங்’ என்ற பகுதியில் இருக்கும். தளத்தைத் திறந்துவிட்டு அந்த டிக்கை எடுக்க மறந்துபோனவர்களை நான் இரண்டு பேர் பார்த்திருக்கிறேன். ஒருவர் ஏழு மாதம் கூகுளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சொல்லடைவு

சிலந்தி கொண்டுவந்து குவித்ததை அப்படியே வைத்தால் பயன் இல்லை. இங்கே நம் பழைய நூல்களில் இருந்து ஒரு சொல் உதவுகிறது: சொல்லடைவு. திருக்குறள் பதிப்புகளின் பின்னால் முதற்குறிப்பு அகராதி பார்த்திருப்பீர்கள். சொல்லடைவு அதையும் தாண்டியது. ஒரு நூலில் ‘மழை’ என்ற சொல் எந்தெந்தப் பாட்டில் வருகிறது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் எண் போட்டு வைத்திருக்கும். மழை வரும் பாட்டு வேண்டும் என்றால் நூலைப் புரட்ட வேண்டாம். கடைசிப் பக்கங்களில் ‘மழை’யைப் பார்த்தால் போதும்.

தேடுபொறி வைத்திருப்பதும் இப்படி ஒரு பிரம்மாண்டமான சொல்லடைவுதான். அதை இண்டெக்ஸ் என்பார்கள். கூகுளின் இண்டெக்ஸில் பல பத்தாயிரம் கோடிப் பக்கங்கள் இருக்கின்றன. நாம் ‘பெரிய ஜமக்காளம்’ என்று தேடினால், ‘பெரிய’ உள்ள பக்கங்களின் பட்டியலையும் ‘ஜமக்காளம்’ உள்ள பக்கங்களின் பட்டியலையும் எடுத்து, இரண்டிலும் இருப்பவற்றைப் பொறுக்குகிறது. அரை விநாடிக்குள் பதில் வருவதன் ரகசியம் இதுதான்.

இந்த இடத்தில் அத்தை மகனின் தளத்துக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தோம். முகப்புப் பக்கம் அழகாக இருந்தது. மேலே பெரிய படம், அதில் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள், நடுவே தங்க எழுத்தில் ‘பவானி கைத்தறி ஜமக்காளம், எல்லா அளவுகளிலும் கிடைக்கும்’. அந்த எழுத்து படத்துக்குள்ளேயே இருந்தது, போட்டோஷாப்பில் செய்தது. அதை நீக்கிவிட்டுப் பார்த்தால் பக்கத்தில் எழுத்தாக இருந்தவை ‘நல்வரவு’, ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புக்கு’, அப்புறம் ஒரு போன் நம்பர். பிரவுசரின் மேல் விளிம்பில் தெரியும் தலைப்பு வரியில் ‘ஹோம்’ என்று மட்டும் இருந்தது. தேடல் முடிவில் நீல எழுத்தில் பெரும்பாலும் வருவது அந்தத் தலைப்பு வரிதான்.

படத்தில் உள்ள எழுத்தையும் இன்றைய தேடுபொறிகள் ஓரளவு படிக்கும் என்பது சரி. ஆனால் அதை நம்பாதீர்கள், முக்கியமான சொற்களை எழுத்தாகவே போடுங்கள் என்றுதான் கூகுளே சொல்கிறது. இவருடைய தளத்தில் எழுத்தாக ஒரே ஓர் இடத்தில் ‘ஜமுக்காளம்’ என்று இருந்தது. மக்களோ ஜமக்காளம், ஜமுக்காளம், சமக்காளம் என்று மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் இன்னும் நாலு விதமாக. வடக்கே இருந்து தேடுகிறவருக்கு இது ‘தரி’. தேடுகிறவர் தட்டும் இந்தச் சொற்களைத்தான் கீவேர்டு என்கிறார்கள்.

இதுவரை பார்த்தது: சிலந்தி பக்கத்தைப் படிக்கிறது, சொல்லடைவில் சேர்க்கிறது. பக்கத்தில் இல்லாத சொல்லுக்கு அந்தப் பக்கம் கிடைப்பது கடினம். இத்தனைக்கும் இன்னும் யார் முதலில், யார் கடைசியில் என்ற கேள்வியே வரவில்லை.

யாரை முன்னால் நிறுத்துவது?

ஒரு சொல்லுக்குப் பத்து லட்சம் பக்கங்கள் அகப்பட்டால் எதை முதலில் காட்டுவது? தொண்ணூறுகளின் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் அந்தச் சொல் எத்தனை முறை, எங்கெங்கே வருகிறது என்று பார்த்தன. உடனே ஆட்கள் ஒரே சொல்லை இருநூறு முறை எழுதத் தொடங்கினார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதி ஒளித்து வைத்தவர்களும் உண்டு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கெய் பிரின்னும் வேறு வழி யோசித்தார்கள். அதை 1998-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே வருடம் கூகுள் நிறுவனமும் தொடங்கியது. யோசனை நமக்குப் பழக்கமானதுதான். பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி அந்த வீட்டாரிடமே கேட்கிறோமா? அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். அதிலும் போவோர் வருவோர் பத்துப் பேர் சொல்வதைவிட, ஊரே மதிக்கும் ஒருவர் ‘நல்ல இடம், தாராளமாகக் கொடுக்கலாம்’ என்றால் அதற்கு எடை அதிகம்.

இணையத்தில் அந்த நல்ல வார்த்தை என்பது இணைப்பு. உங்கள் பக்கத்துக்கு இன்னொரு தளம் இணைப்புக் கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. இப்படி வெளியிலிருந்து வரும் இணைப்பைப் பேக்லிங்க் என்பார்கள். சிபாரிசு செய்யும் பக்கத்துக்கே எவ்வளவு மதிப்பு என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் முறைக்குப் பேஜ்ரேங்க் என்று பெயர். (லாரி பேஜின் பெயர்தான் அதில் இருக்கிறது, ‘பக்கம்’ என்ற பொருளும் பொருந்தி வந்தது தற்செயல்.)

கணக்கை எளிமையாக்கிச் சொல்கிறேன். ஒரு பக்கத்தின் மதிப்பு 12 என்று வையுங்கள். அது மூன்று பக்கங்களுக்கு இணைப்புக் கொடுத்தால் ஆளுக்கு 4 போகும். நூறு பக்கங்களுக்குக் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் காலே அரைக்கால்கூடத் தேறாது. எல்லோரையும் ‘நல்லவர், வல்லவர்’ என்று சொல்லும் ஆளின் வார்த்தைக்கு என்ன எடையோ அதே எடைதான். பெறுகிற பக்கம் தனக்கு வந்த மதிப்பைத் தான் இணைப்புக் கொடுத்தவர்களுக்குப் பங்கு வைக்கும். இப்படி எல்லாப் பக்கங்களுக்கும் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டால் ஒரு கட்டத்தில் எண்கள் அசையாமல் நின்றுவிடும்.

இன்று இது பல அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. பக்கம் கைப்பேசியில் ஒழுங்காகத் தெரிகிறதா, தேடுபவர் எந்த ஊரில் இருக்கிறார், எந்த மொழியில் கேட்கிறார், கேள்வியின் உட்பொருள் என்ன என்று நிறையப் பார்க்கிறார்கள். ஊர் என்பதை மறந்துவிடாதீர்கள். பவானியில் உட்கார்ந்து அத்தை மகன் தேடும்போது வரும் பட்டியலும் சென்னையில் நான் தேடும்போது வரும் பட்டியலும் ஒன்றல்ல. ‘முதலிடம்’ என்று சொல்பவரிடம் எந்தச் சொல்லுக்கு, எந்த ஊரில், யாருடைய போனில் என்று கேட்க வேண்டும்.

பொய்ச் சாட்சிகள்

சிபாரிசுக்கு மதிப்பு என்றானதும் சிபாரிசு விற்பனைக்கு வந்தது. ‘500 பேக்லிங்க் 2,000 ரூபாய்’ என்று இன்றும் மின்னஞ்சல் வருகிறது. அது என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த சில கதைகள் உண்டு.

2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஜேசி பென்னி என்ற பெரிய கடைச் சங்கிலி, உடை, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என்று எதைத் தேடினாலும் மாதக்கணக்கில் மேலேயே வந்துகொண்டிருந்தது. தோண்டிப் பார்த்தால், சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்புகள் நட்டு வைக்கப்பட்டிருந்தன. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், முதலிடத்தில் இருந்த சில சொற்களுக்கு அந்தத் தளம் எழுபதாம் இடத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. அதற்கு முன்பே 2006-இல் பிஎம்டபிள்யூ கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தை இண்டெக்ஸிலிருந்தே தூக்கியிருந்தார்கள். தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறு பக்கமும் காட்டியதற்காக.

எனக்குப் பிடித்த கதை 2012 ஜனவரியில் நடந்தது. குரோம் பிரவுசரைப் பிரபலப்படுத்த ஒரு விளம்பர ஏற்பாட்டில் வலைப்பதிவர்களுக்குக் காசு கொடுத்து எழுத வைத்தார்கள். அதில் ஒரு பதிவில் குரோம் பக்கத்துக்கு நேரடி இணைப்பு இருந்தது. காசு கொடுத்து வாங்கிய இணைப்புக்கு ‘இதைச் சிபாரிசாக எடுத்துக்கொள்ளாதே’ என்று ஒரு குறிப்புப் போட வேண்டும் என்பது விதி, அது இல்லை. குரோம் பக்கத்தைக் குறைந்தது 60 நாள் கீழே இறக்கி வைத்தார்கள். குரோம் யாருடையது? கூகுளுடையதுதான்.

இன்னொரு பழைய வித்தை, பக்கத்தின் மறைவான பகுதியில் கீவேர்டு பட்டியல் எழுதி வைப்பது. தங்கள் தேடலில் அதை மதிப்பதே இல்லை என்று 2009 செப்டம்பரிலேயே கூகுள் அறிவித்துவிட்டது. அத்தை மகனுக்கு வந்த மாத அறிக்கையில் ‘40 கீவேர்டு சேர்க்கப்பட்டன’ என்று முதல் வரியிலேயே இருந்தது.

அப்படியானால் வலைப்பதிவு எதற்கு?

‘தளத்தில் பிளாக் ஒன்று ஆரம்பிங்க’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் பல கடைத் தளங்களின் வலைப்பதிவில் ‘அனைவருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்’ மட்டும் மூன்று வருடமாக இருக்கும்.

வலைப்பதிவு உதவுவதற்குக் காரணம் மேலே சொன்ன சொல்லடைவிலேயே இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் பொருளின் பெயர், அளவு, விலை இருக்கும். வாங்கப் போகிறவர் தேடுவதோ கேள்வி. ஜமக்காளத்தை வாஷிங் மெஷினில் போடலாமா? சாயம் போகுமா? இருபது பேர் பந்தியில் உட்கார எத்தனை அடி வேண்டும்? விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று தலையில் கட்டுகிறார்களா, எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தச் சொற்கள் எதுவும் விற்பனைப் பக்கத்தில் வருவதற்கு வாய்ப்பே இல்லை. ஒரு கேள்விக்கு ஒரு பதிவு என்று எழுதினால் ஒவ்வொன்றும் கடைக்கு ஒரு தனி வாசல்.

இதற்கு எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை. அத்தை மகன் கடையில் உட்கார்ந்து நாளுக்குப் பத்து முறை இதே கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்கிறார். கைத்தறிக்கு என்று சட்டப்படி ஒதுக்கப்பட்ட துணி வகைகளில் ஜமக்காளமும் ஒன்று, அதற்கு 1985-இல் சட்டமே வந்திருக்கிறது என்ற விஷயத்தை அவர் எனக்கு டீ குடித்துக்கொண்டே சொன்னார். தளத்தில் ஒரு வரி இல்லை. யாராவது ஒரு பத்திரிகையோ ஆய்வு மாணவரோ தேடி வந்து இணைப்புக் கொடுப்பது இப்படிப்பட்ட பக்கத்துக்குத்தான். ‘தொடர்புக்கு’ பக்கத்துக்கு யார் கொடுப்பார்கள்?

அவசரப்படவும் கூடாது. மாற்றங்கள் செய்த பிறகு பலன் தெரிய நாலு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்று கூகுள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். பத்து நாளில் முடித்துத் தருகிறேன் என்பவர் வேறு எதையோ முடிக்கிறார்.

காசு கொடுக்கும் வரிசை

பத்து நாளில் ஆள் வர வேண்டும் என்றால் அதற்கு விளம்பரம் இருக்கிறது. தீபாவளிக்கு முன் சரக்கைத் தள்ள வேண்டியவர் ஒரு வருடம் காத்திருக்க முடியாது. அதில் தவறும் இல்லை.

இது ஏலம். ஒவ்வொரு தேடலுக்கும், நொடிக்குள், புதிதாக ஒரு ஏலம். பெரும்பாலும் விளம்பரம் தெரிந்ததற்குக் காசு இல்லை, யாராவது தொட்டால்தான் காசு. ஆனால் அதிகம் கேட்டவருக்கே முதலிடம் என்றும் இல்லை. கேட்கும் தொகையை, விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருத்தம் என்ற தர மதிப்பெண்ணோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒருவர் 20 ரூபாய் கேட்கிறார், தரம் 3, பெருக்கினால் 60. இன்னொருவர் 12 ரூபாய், தரம் 6, பெருக்கினால் 72. இரண்டாமவர்தான் மேலே. அவர் கொடுப்பதும் 12 அல்ல. 60-ஐத் தாண்டுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அதுதான், கிட்டத்தட்ட 10 ரூபாய். உண்மைக் கணக்கில் இன்னும் சில சங்கதிகள் சேரும், அடிப்படை இதுதான்.

கவனிக்க வேண்டியது, விளம்பரத்தை நிறுத்திய நிமிடத்தில் இந்த வரிசையிலிருந்து காணாமல் போவோம். நாலு வருடம் முன் எழுதிய ‘சாயம் போகுமா’ பதிவு, அது பாட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும்.

அத்தை மகன் என்ன செய்தார்

மாதாந்திர ஏற்பாட்டை நிறுத்தினார். தலைப்பு வரியை மாற்றினோம், படத்தில் இருந்த சொற்களை எழுத்தாக்கினோம். துவைப்பது பற்றி முதல் பதிவு. அவர் பேசியதைப் போனில் பதிவு செய்து அவர் மகள் தட்டச்சு செய்தாள். அப்புறம் சர்ச் கன்சோல் என்ற கூகுளின் இலவசக் கருவியைத் தளத்தோடு இணைத்தோம். எந்தச் சொல்லைத் தேடியபோது நம் பக்கம் பட்டியலில் வந்தது, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எத்தனையாம் இடம் என்று அது காட்டும். யாரிடமும் கேட்க வேண்டாம், நாமே பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது மாதம் போன் செய்தார். துவைக்கும் பதிவு முதல் பக்கத்தின் அடியில் ஒன்பதாம் இடத்துக்கு வந்திருக்கிறதாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டார் என்று நினைத்தேன்.

“அதில்லீங் மாப்ள. அந்த லிஸ்ட்ல ‘ஜமக்காளம் வாடகைக்கு’ன்னு 41 தடவ வந்திருக்குது. நாம வாடகைக்கே குடுக்கறதில்லையே?”

பந்தல்காரர்களிடம் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.